காட்டாவில் ஏற்றிப் பாருங்கள்: கேரவன், டிரெய்லர், எடை வரம்பு

கேரவன் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஷூட்டிங் நடக்கும் தெருவில் ஜெனரேட்டர் உறும நிற்கும் நட்சத்திர வண்டி. புனேயில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது விசாரிப்பது அந்த வண்டியைப் பற்றி அல்ல. ஒரு டிராவலர் வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, சனி ஞாயிறில் பவனா அணைப் பக்கமும் நீண்ட லீவில் கோலாப்பூர், பெல்காம் வழியாக ஊருக்கும் போய்வர முடியுமா என்று கேட்கிறார்கள். சிலருக்கு ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி இரண்டு புல்லட்டையோ சின்னப் படகையோ இழுத்துப் போக ஆசை. முடியும். ஆனால் கட்டில் எந்தப் பக்கம், ஏசி எத்தனை டன் என்றெல்லாம் யோசிக்கும் முன்பு பார்க்க வேண்டியது எடை.

எடை வரம்பு லாரிக்காரர்கள் கவலை, நமக்கு எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. புனே மாவட்டத்தில் ஆர்.டி.ஓ.வின் பறக்கும் படை, மராத்தியில் ‘வாயுவேக் பதக்’, எடைக்காக மறிப்பது பெரும்பாலும் முரமும் ஜல்லியும் ஏற்றிய டம்பர்களைத்தான். குடும்பத்தோடு போகும் வேனை ஓரங்கட்டி எடை போடுவது அபூர்வம். ஆஸ்திரேலியாவில் போலீஸே சுற்றுலா கேரவன்களை நிறுத்தி எடைபோட்டுப் பார்ப்பதுண்டு. இங்கே அந்த வழக்கம் வரவில்லை. ஆனால் ரோட்டில் யாரும் கேட்கவில்லை என்பதால் வரம்பு இல்லாமல் போய்விடாது. உங்கள் வண்டியின் எடையை ஆர்.டி.ஓ. பதிவின்போது பார்ப்பார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். அந்த இரண்டுக்கும் நடுவே பிரேக் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆர்சியில் இரண்டு எண்கள்

ஆர்சி கார்டை எடுத்துப் பாருங்கள். அன்லேடன் வெயிட் என்று ஓர் எண் இருக்கும். அது வெறும் வண்டியின் எடை. லேடன் அல்லது கிராஸ் வெயிட் என்று இன்னோர் எண் இருந்தால் அது ஆளும் சாமானும் ஏறிய பின் தாண்டக்கூடாத மொத்த எடை. தனியார் வண்டிகளின் கார்டில் இரண்டாவது எண் விடுபட்டிருந்தால் வாஹன் இணையப் பதிவிலும், கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ அடித்திருக்கும் கம்பெனித் தகட்டிலும் தேடுங்கள்.

ஒரு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். ஃபோர்ஸ் டிராவலர் வண்டிகளின் பெயரோடு 3050, 3350, 4020 என்று வரும் எண்கள் கிலோ அல்ல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாராகும் இந்த வேன்களின் மேல்தான் நாட்டில் ஏராளமான கேரவன்கள் கட்டப்படுகின்றன. ‘3350 என்றால் 3,350 கிலோ’ என்று அடித்துச் சொல்லும் தரகர்களையும் அதே அளவுக்குப் பார்க்கலாம்.

ஆர்சியில் உள்ள அந்த இரண்டு எடை எண்களையும் சட்டம் தனித்தனியாகப் பிடிக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 113(3), மொத்த எடை ஆர்சியில் உள்ளதைத் தாண்டினால் வண்டியை ஓட்டக்கூடாது என்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த ஓவர்லோடு. அதே பிரிவின் முதல் பாதியை யாரும் படிப்பதில்லை: வண்டியின் வெறும் எடை ஆர்சியில் உள்ள வெறும் எடையைத் தாண்டினாலும் ஓட்டக்கூடாது. லாரிக்கு இது பெரிய சிக்கல் இல்லை, சரக்கை இறக்கினால் வெறும் லாரிதான் மிஞ்சும். கேரவனில் அப்படி இல்லை. அலமாரி, கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாமே வண்டியோடு போல்ட் போட்டவை. சட்டத்தில் வெறும் எடை என்பதற்கு உள்ள விளக்கம், வண்டி வேலை செய்யும்போது வழக்கமாக அதோடு இருக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, டிரைவரையும் உதவியாளையும் மட்டும் விட்டுவிட்டுக் கணக்கிடுவது. ஆக, பழைய ஆர்சியோடு ஒரு வேனை வாங்கி உள்ளே மரவேலை செய்து முடித்த அன்றே, ஒரு துணிப்பை ஏற்றாமலேயே, அது எடை மீறிய வண்டி ஆகிவிடுகிறது.

பிளைவுட்தான் வில்லன்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு, ஆர்சியில் மொத்த எடை 3,500 கிலோ, வெறும் எடை 2,400 கிலோ உள்ள ஒரு வேன் என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் இருப்பது 1,100 கிலோ. ஒரு டன்னுக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும்.

நான்கு பேர், தலைக்கு 75 கிலோ, 300 கிலோ. எட்டடிக்கு நாலடி 18 எம்.எம். பிளைவுட் தாள் ஒன்று ஏறத்தாழ 36 கிலோ இருக்கும். கட்டில், அலமாரி, தடுப்பு, தரை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு தாள் சாதாரணமாகப் போய்விடும், 430 கிலோ. மெத்தையும் குஷனும் 60. தண்ணீர் 120 லிட்டர் என்றால் 120 கிலோதான், அதில் பேரம் இல்லை. தொட்டியும் பம்பும் குழாயும் 20. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி இரண்டு, ஆசிட்டோடு 110. இன்வெர்ட்டர் 15, கூரை ஏசி 35, சின்ன ஃபிரிட்ஜ் 20, வெளியே இழுத்துவிடும் பந்தல் 25. அடுப்பும் பாத்திரமும் 25. பெட்டிகள் 80, பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு 30. கூட்டினால் 1,270 கிலோ. 170 கிலோ அதிகம். இதில் வண்டியோடு நிரந்தரமாக இணைந்தது மட்டும் 715 கிலோ. ஆகவே ஆர்சியில் 2,400 என்றிருக்கும் வெறும் எடை நிஜத்தில் 3,115.

இதைக் குறைப்பது கஷ்டமில்லை, ஆனால் தச்சர் வேலையைத் தொடங்கும் முன்பு குறைக்க வேண்டும். வீட்டுக்கு மாடுலர் கிச்சன் செய்யும் தச்சரிடம் விட்டால் அவர் வீட்டுக்குச் செய்வது போலத்தான் செய்வார், 18 எம்.எம்.முக்குக் கீழே இறங்கினால் அவருக்கு மனசு ஆறாது. தடுப்புகளுக்கும் கதவுகளுக்கும் 9 அல்லது 12 எம்.எம். போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம் கணக்கில் அதிலேயே 140 கிலோ மிச்சம். டியூபுலர் பேட்டரிக்குப் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 12 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரி ஒன்று 13 கிலோ அளவில்தான் இருக்கும், ஆக 80 கிலோவுக்கு மேல் குறையும். விலை உறுத்தும்தான். ஆனாலும் கேரவனில் லித்தியத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை என்பது என் கட்சி. தண்ணீரை வீட்டிலேயே முழுக்க நிரப்பாமல் பாதித் தொட்டியோடு கிளம்பி, தங்கும் இடத்தில் நிரப்பினால் இன்னும் 60. மொத்தம் 986 கிலோவுக்கு வந்துவிடும். நூறு கிலோவுக்கு மேல் கைவசம் இருக்கும். அந்த நூறும் திரும்பி வரும்போது மாமியார் கொடுத்தனுப்பும் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் போய்விடும் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ கேஸ் சிலிண்டரை வண்டியில் வைக்காதீர்கள். எடையும் முப்பது கிலோ வரும், அனுமதியும் இல்லை.

மொத்த எடையோடு அச்சு எடையும் டயரும் உண்டு. டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 104, 112 போன்ற ஓர் எண் இருக்கும். 104 என்றால் அந்த டயர் தாங்குவது 900 கிலோ. 112 என்றால் 1,120. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சைக்கிள் ஸ்டாண்ட் மூன்றையும் பின்பக்கமே வைத்துவிட்டால், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் டயர்கள் வரம்பைத் தாண்டியிருக்கும். தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளுக்கு அச்சு எடை வரம்பை 20 முதல் 25 சதவீதம் உயர்த்தியதே, அது நமக்கும் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேனுக்குக் கம்பெனி சான்று வாங்கி ஆர்சியில் ஏறிய எண்தான் உங்கள் வரம்பு. அந்த அறிவிப்பைக் காட்டி இருநூறு கிலோ கூட்டிக்கொள்ள முடியாது.

எங்கே கட்டுவது, எப்படிப் பதிவது

கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சேஸிஸை வாங்கித் தெரிந்த பட்டறையில் விட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். காலம் மாறிவிட்டது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதற்குச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளில் ஒன்று புனேயிலேயே, கோத்ரூட் பக்கம் வேதாள் டேக்டியில் இருக்கிறது: 1966இல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. எனப்படும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம். போசரியில் சி.ஐ.ஆர்.டி. என்ற மத்தியச் சாலைப் போக்குவரத்து நிறுவனமும் உண்டு. நீங்கள் நேரே போய் நிற்கத் தேவையில்லை. பாடி கட்டுபவர் தன் மாடலுக்கு இந்தச் சான்றை வைத்திருக்கிறாரா என்று கேட்டு, சான்றின் நகலையும் வாங்கிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். கட்டி முடித்த வண்டிக்கு அவர் படிவம் 22-ஏ கொடுக்க வேண்டும். அதன் முதல் பாகம் சேஸிஸ் கம்பெனியுடையது, இரண்டாம் பாகம் பாடி கட்டியவருடையது. இதோடு கட்டி முடித்த வண்டியை எடைமேடையில் நிறுத்தி எடுத்த சீட்டும் சேர்ந்தால்தான் ஆர்சியில் புதிய வெறும் எடை சரியாக ஏறும்.

வாஹன் பதிவில் ‘மோட்டார் கேரவன்’ என்று ஒரு வகையும், ‘கேம்பர் வேன் / டிரெய்லர் (தனியார் உபயோகம்)’ என்று இன்னொரு வகையும் இருக்கின்றன. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் தனியார் வகையில் பதியாதீர்கள். அதற்குப் பெர்மிட்டும் எஃப்.சி.யும் தனி. மகாராஷ்டிர அரசு 2021இல் கொண்டுவந்த கேரவன் சுற்றுலாக் கொள்கை அந்த வாடகைத் தொழிலை மனத்தில் வைத்தது. மரவேலைத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு ரெடிமேட் வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனத்தோடு சேர்ந்து பொலிரோ கேம்பர் வண்டியில் கேரவன் செய்யப்போவதாக மஹிந்திரா 2022இல் அறிவித்தது ஓர் உதாரணம்.

பழைய வேனை வாங்கித் தாமே மாற்றுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஜெயசந்திரா வழக்கில், தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4) அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் ‘இ புல் ஜெட்’ யூடியூப் சேனல்காரர்களின் டிராவலர் வேனைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்தபோது, அபராதத் தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அந்தச் செய்தி மலையாள நாட்டைத் தாண்டி எங்கும் பேசப்பட்டது, ஆனால் பேச்சு முழுக்க அதைத் தொடர்ந்து நடந்த ரகளையைப் பற்றித்தான்.

மறித்தால் என்ன நடக்கும்

பிரிவு 194(1)இன்படி எடை மீறலுக்கு 20,000 ரூபாய். மேற்கொண்டு கூடுதல் எடை டன் ஒன்றுக்கு 2,000. அதிகப்படியை இறக்கும் செலவும் உங்களுடையது. இறக்காமல் வண்டி நகரக்கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகைதான். சமரசத் தொகையை மாநிலங்கள் தனியாக அறிவித்துக்கொள்ளலாம் என்பதால் சலானில் வரும் எண் வேறாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது, அந்த அடிப்படை இருபதாயிரம் 170 கிலோவுக்கும் ஒன்றுதான், ஐந்து டன்னுக்கும் ஒன்றுதான். அகலம், உயரம், முன்பின் நீளம் ஆகியவற்றில் பொருள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் தனியாக 20,000. கூரை கேரியரில் படகு கட்டுபவர்கள் இதைப் படித்துவைக்கலாம். நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனாலோ, எடை போடும் முன்பு சாமானை இறக்கினாலோ 40,000. எடை மீறியதைவிட ஓடிப்போவது இரண்டு மடங்கு விலை.

யார் எடை போடச் சொல்லலாம் என்பது பிரிவு 114இல் இருக்கிறது. அதில் உள்ள சொற்கள் ‘சரக்கு வண்டி அல்லது டிரெய்லர்’. மேலே போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே ஓட்டிவரச் சொல்லலாம். குடும்ப கேரவன் சரக்கு வண்டி அல்ல. ஆகவே இந்தப் பிரிவு அதைக் குறிவைக்கவில்லை. ஆனால் பிரிவு 113இன் வரம்பு எந்த மோட்டார் வாகனத்துக்கும் பொருந்தும், சான்று வேறு வழியில் கிடைத்தாலும் போதும். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2024இல் நடைமுறைக்கு வந்த கேமரா கண்காணிப்பு அமைப்பின் ஒரு பகுதி, ஓடும்போதே எடையை அளக்கும் உணரிகள். அதற்கு யாரும் கை காட்டி நிறுத்த வேண்டியதில்லை.

வண்டி ஓட்டியது டிரைவர், எனக்குத் தெரியாது என்ற பதிலும் எடுபடாது. உரிமையாளர் அறிந்தே அப்படி நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 113ஆம் பிரிவே சொல்கிறது.

நகருக்குள் வேறொரு தொந்தரவு உண்டு. புனேயின் பல சாலைகளில் குறிப்பிட்ட நேரங்களில் கனரக வண்டிகளுக்குத் தடை. ‘ஜட் வாஹனான்னா பிரவேஷ் பந்த்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். உயரமான டிராவலரைப் பார்த்ததும் போலீஸ்காரர் கையை நீட்டுவார். வாக்குவாதம் வேண்டாம், ஆர்சியைக் காட்டுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகுரக வண்டி. இதே 7,500தான் லைசென்ஸுக்கும் கோடு: இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த எடைக்குட்பட்ட டிரான்ஸ்போர்ட் வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். உள்ளே மாற்றியமைத்ததைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, எண்டார்ஸ்மென்ட் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். 2010இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய ‘நான் ஸ்டாண்டர்ட்’ வழிகாட்டுதல்களின்படி, அனுமதித்த கொள்ளளவுக்கு மேல் ஏற்றியிருந்தால், ஏற்கத்தக்க இழப்பீட்டில் அதிகபட்சம் 75 சதவீதம்தான். முப்பது லட்ச ரூபாய் கேரவனில் அந்தக் கால் பங்கு ஏழரை லட்சம்.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு

மாவட்டத்தில் டிரெய்லர் என்றாலே கரும்புதான். ஐப்பசிக்குப் பிறகு பாராமதி, தவுண்ட், ஷிரூர் சாலைகளில் டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிராலி, அவற்றின் மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குக் கரும்பு. டன் கணக்கில் கூலி கிடைப்பதால் ஏற்ற முடிந்தவரை ஏற்றுகிறார்கள். ஆலை வாசலில் உள்ள காட்டா, அதாவது எடைமேடைதான் அவர்களுக்கு வருமானம். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஜீப்பும் இரண்டு புல்லட்டும் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஏமாறாதீர்கள். டிராக்டர் மணிக்கு இருபதில் போகிறது, நீங்கள் எண்பதில் போகிறீர்கள்.

டிரெய்லர் சட்டத்தின் கண்ணில் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி ஆர்சி, தனி எடை எண்கள். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். வெல்டிங் பட்டறையில் ஆங்கிளும் பழைய காரின் அச்சும் வைத்துச் செய்துகொடுப்பது பதிவாகாது, ஏ.ஐ.எஸ். 113 சான்றுள்ள தயாரிப்பை வாங்குங்கள். தரநிலையில் டி1 என்பது 750 கிலோ மொத்த எடை வரை, டி2 என்பது 3.5 டன் வரை. ஐரோப்பாவிலும் இந்த 750 கிலோதான் கோடு: அதற்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். சொந்த உபயோகத்துக்கு நான் சொல்வது, 750க்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள். 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350 இரண்டும், 250 கிலோ டிரெய்லரும் சேர்ந்தால் 640 கிலோ. போதுமே.

இழுக்கும் வண்டிக்கு எவ்வளவு இழுக்க அனுமதி என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். இழுக்காதே என்று எழுதியிருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஹைலக்ஸும் வி-கிராஸும் வெளிநாட்டில் 3,500 கிலோ இழுக்கும் வீடியோக்களைக் காட்டிக் கொக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் அந்த நாட்டு மாடலுக்கு, அந்த நாட்டுச் சான்றின்படி.

கொக்கியின் மேல் இறங்கும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும். 640க்கு 64 கிலோ. இதற்கு எடைமேடை வேண்டாம், குளியலறை எடை மெஷினே போதும்: டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடை கொடுத்து, மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கொக்கி உயரத்துக்கு வருமாறு அதன் மேல் டிரெய்லர் மூக்கை இறக்குங்கள். குறைவாகக் காட்டினால் பைக்குகளை ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டுங்கள். பின்பாரம் கூடிய டிரெய்லர் வேகமெடுத்ததும் வாலை ஆட்டத் தொடங்கும். ஆடத் தொடங்கிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருத்த முயன்றால் ஆட்டம் வலுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். கொக்கியில் இறங்கும் அந்த 64 கிலோ, இழுக்கும் வண்டியின் பின் அச்சில் ஏறும் பாரம். அதன் மொத்த எடைக் கணக்கிலும் சேருங்கள்.

போர்காட்டின் கணக்கு

லோணாவளாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் போர்காட்டில் 500 மீட்டருக்கு மேல் இறக்கம். நான்கு டன் வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பன்னிரண்டு முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதியெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். வரம்புக்கு மேல் ஓர் அரை டன் ஏற்றியிருந்தால் இன்னும் ஒன்றரைத் தடவை. சூடேறிய பிரேக் பிடிக்காது என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2022 நவம்பர் 20 இரவு, காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்துக்கொண்டு போனது. டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறக்கியதாகப் போலீஸ் விசாரணையில் சொல்லப்பட்டது. உங்கள் கேரவனில் இறங்கும்போது ஏறிய அதே கியர், இல்லையென்றால் அதற்கும் ஒன்று குறைவு. நியூட்ரலில் கை வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் வரந்தா காட் போன்ற வழிகளைக் கனரக வண்டிகளுக்கு மூடுவது வழக்கம். தேதி கலெக்டர் உத்தரவில் வரும், கிளம்பும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் காட்டும் குறுக்குவழியில் பழைய இரும்புப் பாலம் வந்தால், எடைப் பலகை இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். பலகை இல்லையென்றால் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. 2025 ஜூன் 15 அன்று தளேகாவ் அருகே குண்டமளாவில் இந்திராயணி மேலிருந்த நடைபாலம் இடிந்தபோது அதன் மேல் லாரி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான், நான்கு பேர் இறந்தார்கள்.

காட்டாவில்

சாக்கண், வாகோலி, போசரி என்று தொழிற்பேட்டை உள்ள எந்தச் சாலையிலும் ‘வஜன் காட்டா’ என்று மராத்தியில் பலகை வைத்திருப்பார்கள். இந்திக்காரர் நடத்தினால் ‘தர்ம காட்டா’. காலை பத்து மணிக்கு மேல் லாரி வரிசை நிற்கும், ஏழுக்கே போய்விடுங்கள். சிமென்ட் சரிவில் ஏறி இரும்புத் தட்டில் நிறுத்தினால் கேபின் ஜன்னலிலிருந்து ‘பர்லேலி கீ ரிகாமி?’ என்று கேட்பார், லோடோடா காலியா என்று. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது ஒரு சீட்டு எடுங்கள். பிறகு முன் சக்கரம் மட்டும் தட்டில் இருக்குமாறு நிறுத்தி ஒரு சீட்டு. முன் சக்கரம் கீழே இறங்கி, பின் சக்கரம் மட்டும் தட்டில் நிற்கும்போது இன்னொன்று. இரண்டும் கூடி முதல் எடைக்குப் பத்திருபது கிலோ வித்தியாசத்தில் வந்தால் சரி. அறுபது டன் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நூறு கிலோ வித்தியாசம் வந்தால் சரிவு சமமாக இல்லை என்று பொருள், வேறு காட்டாவுக்குப் போங்கள். எடை அளவைத் துறையின் முத்திரைச் சான்று கேபின் சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

லாரிக்கு அடித்து அடித்துப் பழகியவர், வேனில் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு சிரிப்பார். மூன்று சீட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, மூன்றிலும் வண்டி நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். எண்ணெய் நிரப்பிய டாங்க், பாதித் தண்ணீர், நான்கு பேர் என்று அன்றைய நிலவரத்தைச் சீட்டின் பின்னால் எழுதிவையுங்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம் புதிதாக ஃபிரிட்ஜ் வைக்கும்போது பழைய எண் எதற்கும் உதவாது. டாஷ்போர்டில் ஆர்சி, இன்ஷூரன்ஸ் எண்டார்ஸ்மென்ட், பாடிச் சான்று இவற்றோடு அந்தச் சீட்டுகளும் இருக்கட்டும். தெர்மல் தாளில் அடித்திருந்தால் வெயிலில் சில மாதங்களிலேயே எழுத்து மறைந்துவிடும்; அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.